காலையில் 0.3, மாலையில் 3: பாய்லர் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் சொந்த வீட்டில் இருக்கிறோம். சமையலறையில் எட்டு ஆண்டுப் பழைய காம்பி பாய்லர், ஹீட்டிங்குக்கும் குளிக்கும் வெந்நீருக்கும் அது ஒன்றுதான். அக்டோபரில் ஹீட்டிங் போடத் தொடங்கியதிலிருந்து நான்கைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் பாய்லர் நின்றுவிடுகிறது. பார்த்தால் அழுத்த முள் 0.3இல் கிடக்கிறது. என் கணவர் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து 2 வரை தண்ணீர் ஏற்றுவார், மறுபடி ஓடும். மாலையில் ரேடியேட்டர்கள் எல்லாம் சூடானபின் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. வீட்டில் எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குளியலறைக் குழாயில் தண்ணீர் வேகமாகத்தான் வருகிறது. அப்படியிருக்க அழுத்தம் குறைவு என்றால் என்ன பொருள்? பார்க்க வந்த ஒருவர் புது பாய்லர்தான் வழி என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு 76 வயது, குளிர் தாங்கமாட்டார். என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரிக்கு,

காலை எண்ணையும் மாலை எண்ணையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் "முள் இறங்கிவிட்டது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். சூடாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டுக் கோளாறின் முக்கால்வாசி அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. புது பாய்லர் பற்றிய பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

குழாய்த் தண்ணீர் பற்றிய உங்கள் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். காம்பி பாய்லரில் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு தண்ணீர்கள் ஓடுகின்றன. குளிக்க வருவது தெருக் குழாயிலிருந்து வருகிற தண்ணீர். அதன் வேகத்துக்கும் இந்த மானிக்கும் தொடர்பில்லை. மானி காட்டுவது ரேடியேட்டர்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற, வெளியே போக வழியில்லாமல் அடைத்து வைத்த தண்ணீரின் அழுத்தத்தை. ஒருமுறை நிரப்பிய அந்தத் தண்ணீரே ஆண்டுக்கணக்கில் உள்ளே ஓட வேண்டும். ஒழுங்காக இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஓரிரு முறை கொஞ்சம் சேர்க்க நேரலாம். நான்கு நாளுக்கு ஒருமுறை சேர்க்க வேண்டியிருந்தால், தண்ணீர் எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது கண்ணுக்குத் தெரியாத இடமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அழுத்தம் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். மானியில் உள்ள எண்கள் 'பார்' என்ற அழுத்த அலகில் இருக்கின்றன. 1 பார் அழுத்தம் தண்ணீரை ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். கீழ்த்தளச் சமையலறையில் பாய்லர், மாடியில் படுக்கையறை என்றால் மேலே உள்ள ரேடியேட்டர் வரை தண்ணீர் நிற்பதற்கே ஏறக்குறைய கால் பார் போய்விடும். அதனால்தான் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை வைக்கச் சொல்கிறார்கள். 0.3க்கு இறங்கினால் பாய்லர் தன்னைத்தானே காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. வேலண்ட் பாய்லரில் எஃப்22, ஐடியல் லாஜிக்கில் எஃப்1 என்று திரையில் மின்னுவது இதைத்தான். அது பாய்லர் கெட்டுவிட்டது என்ற அறிவிப்பு அல்ல, தண்ணீர் போதவில்லை என்ற அறிவிப்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில ஆயிரம் பவுண்டு.

இனி உங்கள் மாலை எண்ணுக்கு வருகிறேன்.

தண்ணீர் சூடானால் விரியும். உங்கள் ரேடியேட்டர்களிலும் குழாய்களிலும் சேர்த்து 100 லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகும்போது அது ஏறக்குறைய 3 லிட்டர் அதிகமாகிவிடும். அடைத்து வைத்த இடத்தில் அந்த 3 லிட்டர் எங்கே போகும்? அதற்காகவே பாய்லருக்குள், பெரும்பாலும் பின்புறம், எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற உலோகக் கலன் ஒன்று இருக்கிறது. நடுவில் ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் அடைத்த காற்று, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர் விரியும்போது காற்று அமுங்கி இடம் கொடுக்கும். ஆறினால் காற்று தண்ணீரைத் திருப்பித் தள்ளிவிடும். வெசல் நன்றாக இருந்தால், காலையில் 1.2 காட்டும் முள் மாலையில் 1.8, அதிகம் போனால் 2 வரை ஏறும். சிவப்புக் கோடு இருக்கும் 3ஐத் தொடக் கூடாது. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வீட்டுக்கு வெளியே கொட்டிவிடும். சுவரைத் தாண்டிப் போய்விடுவதால்தான் வீட்டுக்குள் உங்களுக்கு ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் 2 வரை ஏற்றுவதும் இதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். 8 லிட்டர் வெசல், அதில் ஆலையில் ஏற்றிய காற்று 0.75 பார், எந்தப் பழுதும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அமைப்பைக் குளிர்ந்த நிலையில் 1 பாருக்கு நிரப்பினால், 3 பாரைத் தொடுவதற்குள் அந்த வெசலால் மூன்றரை லிட்டரை வாங்கிக்கொள்ள முடியும். உங்கள் 3 லிட்டர் அதில் அடங்கிவிடும். அதே வெசல், 2 பாருக்கு நிரப்பினால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் வாங்கும். மீதி இரண்டு லிட்டருக்கு வால்வு வழியாக வெளியே போவதைத் தவிர வேறு வழியில்லை. இரவில் எல்லாம் ஆறியபின் உள்ளே தண்ணீர் குறைந்திருக்கும், முள் கீழே கிடக்கும். அதைப் பார்த்துப் பதறி, மறுபடி 2 வரை ஏற்றுவார்கள். "கொஞ்சம் கூடுதலாக வைத்தால் இன்னும் சில நாள் தாங்குமே" என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் பலன் நேர் எதிராக அமைந்துவிடுகிறது.

ஆகவே இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர்கள் தொட்டால் குளிரும்வரை காத்திருந்து, முள்ளை 1 பாரில் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நிரப்பும் முறை பாய்லருக்குப் பாய்லர் மாறும், கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பாய்லருக்கு அடியில் வெள்ளிப் பின்னலிட்ட ஒரு குழாயும் அதன் இரு முனைகளிலும் இரண்டு திருகு வால்வுகளும் இருக்கும். ஒன்றை முழுதாகத் திறந்து, மற்றதை மெல்ல, மிக மெல்லத் திறந்தால் தண்ணீர் சீறும் ஓசை கேட்கும். முள் 1ஐ நெருங்கும்போதே மூடத் தொடங்க வேண்டும். முடிந்ததும் இரண்டையும் இறுக மூடி, பின்னல் குழாயைக் கழற்றி வையுங்கள். 1999ஆம் ஆண்டின் தண்ணீர் இணைப்பு விதிமுறைகள் சொல்வதும் அதுதான், ஆனால் பத்து வீட்டுக்குப் போனால் எட்டில் அது மாட்டியபடியே தொங்கும். கழற்றச் சொல்வதற்கு உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு: வால்வு ஒன்று சரியாக மூடாமல் மயிரிழை திறந்திருந்தாலும் தெருத் தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், முள் தானாக ஏறும். மாலையில் 3 காட்டுவதற்கு அதுவும் காரணமாகலாம். கழற்றிவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பாய்லரில் ரேடியேட்டர் வெப்பநிலைக்கென்று ஒரு திருகோ பொத்தானோ இருக்கும். இப்போது 75 அல்லது 80இல் இருந்தால் 60க்குக் குறையுங்கள். தண்ணீர் விரிவது குறையும், வால்வின் மேல் பாரம் குறையும். வீடு சூடாகச் சற்று நேரம் எடுக்கும், ஆகவே அரைமணி முன்னதாகப் போட்டுவிடுங்கள். எரிவாயுவும் கொஞ்சம் மிச்சமாகும். மாமியாரின் அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதியவர்களுக்கு இங்குள்ள சுகாதாரத் துறை சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. பாய்லர் சரியாகும்வரை அந்த ஓர் அறையில் எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் ஒன்று இருப்பது நல்லது.

பிறகு மூன்று நாள், காலையில் ஹீட்டிங் போடும் முன்னும் மாலையில் நன்கு சூடானபின்னும் முள் காட்டும் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பாய்லர் கதவிலேயே ஒட்டி வையுங்கள்.

காலை 1, மாலை 1.6, மறுநாள் காலை மறுபடி 1 என்று வந்தால், அதிகமாக நிரப்பியதுதான் குற்றம், செலவில்லாமல் தப்பித்தீர்கள். 1 பாரில் தொடங்கியும் மாலையில் 3ஐ நெருங்கினால் வெசலில் காற்று இறங்கிவிட்டது. நான் பந்தயம் கட்டுவதானால் இதன்மேல்தான் கட்டுவேன், ஏனென்றால் எட்டு ஆண்டில் அந்தக் காற்று குறைவது சாதாரணம், ஆண்டுதோறும் சர்வீஸுக்கு வருகிறவர்களில் அதைச் சோதித்துப் பார்க்கப் பொறுமையுள்ளவர்கள் குறைவு. மாலையில் அதிகம் ஏறவும் இல்லை, ஆனால் நாளுக்கு நாள் இறங்குகிறது என்றால் கதை வேறு. அப்போது தண்ணீர் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும்.

எண்களை எழுதும் அந்த மூன்று நாளில் வெளியே போய் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பாய்லர் மாட்டியிருக்கும் சுவரின் மறுபக்கத்தில் விரல் பருமனுக்கு ஒரு தாமிரக் குழாய் வெளியே வந்து, நுனி சுவரை நோக்கியே திரும்பியிருக்கும். 15 மில்லிமீட்டர் குழாய். பாதுகாப்பு வால்வு திறந்தால் கொதிநீர் வழியில் போகிறவர்மேல் பாயாமல் சுவரில் அடிக்கட்டும் என்பதற்காக அப்படி வளைத்திருக்கிறார்கள். அதன் நுனியில் ஒரு துளி தொங்குகிறதா, செங்கல்லில் நீண்ட பச்சைக் கறையோ வெள்ளைப் பூப்போ இருக்கிறதா, கீழே தரை மட்டும் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கையால் தொட வேண்டாம். மழைக்காலத்தில் ஈரத்தை நம்ப முடியாது என்பதால், ஹீட்டிங் நின்று ஆறியிருக்கும் நேரத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை நுனியில் தளர்வாகக் கட்டிவிட்டு, மறுநாள் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். இதன் பக்கத்திலேயே வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தால் அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பாய்லர் ஓடும்போது அதில் சொட்டுவது இயல்பு.

ஹீட்டிங் ஓடாத நேரத்திலும் தாமிரக் குழாய் சொட்டுகிறது என்றால், வால்வுக்குள் அழுக்கு சிக்கி அது சரியாக மூடவில்லை. அடிக்கடி திறந்து மூடிய வால்வுக்கு இது நேர்வதுண்டு. அந்த நிலையில் வெசலுக்குக் காற்று ஏற்றுவதோடு வால்வையும் மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் போகிறவர் இரண்டு வாரத்தில் மறுபடி வர வேண்டியிருக்கும், அதற்கும் உங்களிடம்தான் காசு வாங்குவார்.

வெளியே ஒன்றும் தென்படாவிட்டால் ரேடியேட்டர்கள் பக்கம் திரும்புங்கள். உலர்ந்த டிஷ்யூ தாளை எடுத்து ஒவ்வொரு ரேடியேட்டரின் இரு பக்க வால்வுகளையும் துடையுங்கள்; திருகும் தலைக்குக் கீழே, குழாய் நுழையும் மூட்டில், அடியில். சூடான குழாயில் ஊறும் நீர் உடனே ஆவியாகிவிடும், ஆகவே கண்ணால் பார்த்தால் ஈரம் தெரியாது, ஆறிய நேரத்தில் தாள் காட்டிக்கொடுத்துவிடும். பித்தளை மூட்டில் பச்சை உப்புப் படிந்திருந்தாலும் அங்கே ஊறல் இருக்கிறது. ரேடியேட்டரில் காற்று எடுத்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்: காற்றை வெளியேற்றினால் அழுத்தம் இறங்குவது இயல்பு, அது கோளாறில் சேராது.

அதற்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் பிரித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, வருகிற மெக்கானிக்கிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அதன் அடியில் ரேடியேட்டர்களுக்குப் போகிற வழி, வருகிற வழி இரண்டு வால்வுகளையும் மூடி, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் பாய்லர் மானி இறங்கியிருந்தால் ஒழுக்கு பாய்லருக்குள். மானி அசையாமல் நின்று, வால்வைத் திறந்ததும் சரிந்தால் ஒழுக்கு வீட்டுக் குழாய்களில். வால்வுகள் மூடியிருக்கும்போது யாரும் பாய்லரைப் போட்டுவிடக் கூடாது. வீட்டில் மற்றவர்களிடம் சொல்லி வையுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் தரையைப் பெயர்க்கலாம் என்று சொல்பவரையும், பாய்லரை மாற்றலாம் என்று சொல்பவரையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன். பாய்லருக்குள் என்றால் பார்க்க வேண்டிய கடைசி இடம் வெப்பப் பரிமாற்றி, அதாவது தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம். அதில் விரிசல் விட்டால் தண்ணீர் நான் மேலே சொன்ன பிளாஸ்டிக் குழாய் வழியாகவே சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்விடும். பாய்லர் பல மணி நேரமாக ஓடாதபோதும் அது சொட்டிக்கொண்டே இருந்தால் ஐயப்படலாம். அப்படி உறுதியானால் மட்டும், எட்டு ஆண்டுப் பழைய பாய்லரை மாற்றுவது பற்றிப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. தரைக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது என்றால் உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவைப் பல காப்பீடுகள் ஏற்கின்றன.

ஒழுக்கை அடைக்கும் திரவம் ஒன்றைக் கடையில் விற்கிறார்கள், அதை ஊற்றலாமா என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உங்கள் நிலையில் வேண்டாம். வெளியே கொட்டுகிற பாதுகாப்பு வால்வை எந்தத் திரவமும் சரிசெய்யாது.

சரி, சமாளித்துக்கொண்டு வாரம் ஒருமுறை தண்ணீர் சேர்த்தபடியே குளிர்காலத்தை ஓட்டிவிடலாமா? பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதை என்றால்கூடப் பரவாயில்லை, தண்ணீர் மட்டும்தான் வீணாகும். இங்கே நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு லிட்டர் புதுத் தண்ணீரும் புதிய ஆக்சிஜனைக் கொண்டுபோய் இரும்பு ரேடியேட்டர்களைத் துருவேற்றுகிறது. அந்தத் துரு கறுப்புச் சேறாகி ரேடியேட்டரின் அடியிலும் பம்பிலும் தங்குகிறது. துருப்பிடிக்காமல் இருக்க முன்பு ஊற்றிய மருந்தும் ஒவ்வொரு முறையும் நீர்த்துப்போகிறது. லண்டன் தண்ணீர் வேறு சுண்ணாம்பு மிகுந்தது. இந்தத் தண்ணீர் காலப்போக்கில் ஒரு பாய்லரையே தின்றுவிடக்கூடும்.

வெசலுக்குக் காற்று ஏற்றுவது அதிசய வேலை ஒன்றும் இல்லை. பாய்லரை அணைத்து, அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வடிகால் குழாயைத் திறந்து வைத்தபடியே, கார் டயருக்கு இருப்பது போன்ற வால்வில் பம்பை மாட்டி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பொதுவாக 0.75 முதல் 1 பார் வரை, ஏற்றுவார்கள். அந்த வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. வெசலையே மாற்ற வேண்டும். சில பாய்லர்களில் அதை வெளியே எடுப்பதற்கு முழுப் பாய்லரையும் சுவரிலிருந்து இறக்க நேரும். அங்கேதான் "புதுசு போட்டுவிடுங்கள்" என்ற பேச்சு தொடங்கும். அதற்கும் மாற்று உண்டு: பழைய வெசலை அப்படியே விட்டுவிட்டு, பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் வெளியே தனி வெசல் ஒன்றைப் பொருத்தலாம். இடம் கொஞ்சம் அடைக்கும். புது பாய்லருக்குப் பொருத்துகூலியோடு 2,000 பவுண்டுக்கு மேல் ஆகும் நகரத்தில் அந்த இடம் ஒரு பொருட்டல்ல.

ஆனால் இந்த வேலையை யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்ய வேண்டாம். தண்ணீர் நிரப்புவதும் ரேடியேட்டரில் காற்று எடுப்பதும் உங்கள் வேலை. பாய்லரின் உறையைக் கழற்றுவது எரிவாயு வேலைக்குப் பதிவுபெற்றவரின் வேலை. உறைக்கு உள்ளே எரிபுகை அடைபட்டிருக்கிறது, உறையைச் சரியாக மூடாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரலாம். 2009 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவுக்கு கேஸ் சேஃப் என்று பெயர். நம் பெரியவர்கள் பலர் இன்னும் பழைய பதிவின் பெயரில் 'கோர்கி ஆள்' என்றுதான் சொல்வார்கள். வருகிறவரின் அட்டையைக் கேளுங்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்கும். தமிழ்க்காரர், தெரிந்தவரின் தெரிந்தவர் என்பதெல்லாம் அட்டைக்கு ஈடாகாது.

உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் வாடகை வீட்டில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வரி: இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டுவாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி ஹீட்டிங்கைப் பழுதுபார்த்துத் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. தொலைபேசியில் சொல்லி நிறுத்தாமல், முள்ளின் படத்தோடு எழுத்தில் அனுப்புங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது "பாய்லர் நின்றுவிடுகிறது" என்று சொல்லாதீர்கள். "குளிர்ந்தபோது 1 பார் வைக்கிறேன், சூடானபின் இவ்வளவு ஏறுகிறது, வெளிக்குழாய் சொட்டுகிறது அல்லது சொட்டவில்லை, எக்ஸ்பான்ஷன் வெசலின் காற்றைச் சோதித்துக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். சோதிப்பேன் என்பவரை வரச் சொல்லுங்கள். நேரில் வராமலே புது பாய்லர் விலையைச் சொல்பவரிடம் நன்றி கூறிவிட்டு அடுத்த எண்ணை அழுத்துங்கள். வேலை முடிந்ததும் துருத் தடுப்பு மருந்தையும் சேர்க்கச் சொல்லுங்கள், இத்தனை நாள் சேர்த்த தண்ணீரில் பழையது கரைந்தே போயிருக்கும். உங்கள் மூன்று நாள் எண்கள் நான் சொன்ன எதிலும் அடங்காமல் வந்தால், அந்தத் தாளின் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன்.